சேலத்து பையன் பெரிய மாஸ்டரை ஜெயிச்சதுல இருந்து எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்விகள்

அஸ்தம்பட்டியில எங்க வீட்டு திண்ணையில சனி ஞாயிறு பசங்களுக்கு செஸ் சொல்லித்தர்றேன். போன மாசம் நம்ம ஊர்ல நடந்த ஒரு ஓப்பன் டோர்னமெண்ட்ல, என்கிட்ட கத்துக்குற 12 வயசு பையன் ஒருத்தன், தமிழ்நாட்டுல செஸ் ஆடுறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு மூத்த ஐஎம்-ஐ (இன்டர்நேஷனல் மாஸ்டர், கிராண்ட்மாஸ்டருக்கு அடுத்த பட்டம்) ஜெயிச்சுட்டான். அன்னைக்கு ஆரம்பிச்ச போன் இன்னும் நிக்கல. அஞ்சு ரோட்டுல காய்கறி வாங்க போனா கூட நிறுத்தி கேக்குறாங்க. கேக்குறதும் திரும்ப திரும்ப அதே கேள்வி தான், அதனால எல்லாத்துக்கும் இங்கயே பதில் எழுதி வச்சிடுறேன்.

என்ன தான் நடந்துச்சு? முதல்ல இருந்து சொல்லுங்க

ஒம்போது ரவுண்டு ஸ்விஸ், அதாவது ஒவ்வொரு ரவுண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே பாயிண்ட் வச்சிருக்கறவங்களை மோத விடற முறை. ஆளுக்கு 90 நிமிஷம், ஒவ்வொரு மூவுக்கும் 30 செகண்ட் கூடும். ஆறாவது ரவுண்டு பேரிங்க (யாருக்கு எதிரா யாருங்கற லிஸ்ட்டை) செவுத்துல ஒட்டுனதும் பையன் ஓடி வந்து "சார், எனக்கு அவருங்க சார்"னு சொன்னான், அது சந்தோஷமா பயமான்னு அவன் மூஞ்சிய பாத்து என்னால சொல்ல முடியல. பையனுக்கு ரேட்டிங், அதாவது ஆட்டத்தோட பலத்தை காட்டுற நம்பர், 1700. பெரியவருக்கு இப்ப 2100, ஆனா ஒரு காலத்துல 2400 தாண்டுன மனுஷன், நான் காலேஜ் படிக்கறப்ப அவரு ஆடுன ஆட்டத்தை பேப்பர்ல இருந்து வெட்டி நோட்டுல ஒட்டி வச்சிருந்தேன்.

மதியம் ரெண்டரைக்கு ஆரம்பிச்சாங்க, பையன் வெள்ளை. முதல் இருபது மூவ் சாதாரணமா போச்சு, பெரியவர் எந்த வித்தையும் காட்டல, காய்களை ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டு எண்ட்கேமுக்கு, அதாவது காய் கம்மியா மிஞ்சுற கடைசி கட்டத்துக்கு, இழுத்துட்டு போனாரு, ஏன்னா சின்ன பசங்க அங்க தான் தடுமாறுவாங்கன்னு அனுபவம் உள்ளவங்களுக்கு தெரியும். 31-வது மூவ்ல அவரே டிரா கேட்டாரு. 400 பாயிண்ட் மேல இருக்கறவர் டிரா கேட்டா எந்த பையனும் உடனே கைய நீட்டிடுவான், நானா இருந்தா நீட்டியிருப்பேன். இவன் போர்டை ஒரு ஆறு நிமிஷம் பாத்துட்டு "ஆடலாங்க ஐயா"னு மெதுவா சொன்னான். பக்கத்து போர்டுல ஆடுனவர் நிமிர்ந்து பாத்தாரு.

அப்புறம் யானையும் சிப்பாயும் மட்டும் மிஞ்சுன எண்ட்கேம், அதை கீழ தனியா எழுதுறேன். 71-வது மூவுக்கு பெரியவர் கிளாக்கை நிறுத்தி கை குடுத்தாரு. மணி ஆறரை ஆகப்போகுது.

ஹாலுக்குள்ள பெத்தவங்கள விட மாட்டாங்க. இவன் அப்பா செவ்வாய்ப்பேட்டையில ஒரு கொலுசு பட்டறையில வேலை செய்யறவர், அன்னைக்கு பாதி நாள் லீவு போட்டுட்டு வந்து மகனுக்கு தட்டுவடை செட் வாங்கி கையில வச்சுக்கிட்டு கேட்டுக்கு வெளியவே நின்னாரு. நாலு மணி நேரத்துல சட்னி ஊறி தட்டுவடை நமத்துப் போயிடுச்சு, ஆனா அந்த பொட்டலத்தை அவரு கீழ வைக்கவே இல்ல. நான் போய் "ஜெயிச்சுட்டான்"னு சொன்னப்ப "யாரை?"னு கேட்டாரு. பேரை சொன்னேன். அவருக்கு அந்த பேர் தெரியல, பக்கத்துல நின்ன ரெண்டு அப்பாக்களுக்கு தெரிஞ்சது, அவங்க முகத்தை பாத்து தான் இவருக்கு விஷயம் புரிஞ்சது.

பெரியவர் பேரை ஏன் போட மாட்டேங்கறீங்க?

அன்னைக்கு அங்க இருந்தவங்களுக்கு தெரியும், அது போதும். முப்பது வருஷம் ஆடி சம்பாதிச்ச பேரு அது. நாளைக்கு யாராவது அவரை தேடுறப்ப முதல்ல "12 வயசு பையன்கிட்ட தோத்தவர்"னு வரக்கூடாது. பையன் பேரையும் போடல, சின்ன பையன், பள்ளிக்கூடத்துல நிம்மதியா படிக்கட்டும்.

லக்கு தானே? பெரியவர் ஏதோ ஒரு தப்பு பண்ணிட்டாரு, அவ்வளவு தான?

அதிகமா வந்த கேள்வி இது தான், எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற கேள்வியும் இது தான்.

செஸ்ல தோக்கறவங்க எல்லாருமே தப்பு பண்ணி தான் தோக்கறாங்க. தப்பே பண்ணலைனா டிரா தான் ஆகும். அதனால "தப்பு பண்ணிட்டாரு"ங்கறது ஒரு பதிலே இல்ல, அந்த தப்பு வர்ற வரைக்கும் எதிர்ல உக்காந்து நல்ல மூவ் போட்டுக்கிட்டே இருந்தது யாருங்கறது தான் கேள்வி. 71 மூவ் அவன் ஒரு காயையும் சும்மா விடல. கேரம்ல ஒரு ஷாட் தப்பி விழுந்து காயின் உள்ள போகலாம், தாயத்துல விழற நம்பர் நம்ம கையில இல்ல. இங்க ரெண்டு பேருக்கும் போர்டு முழுக்க தெரியுது, மறைஞ்சு இருக்கறது ஒண்ணும் கிடையாது.

கணக்கா பாத்தாலும், உலக செஸ் சம்மேளனம் ஃபிடேவோட டேபிள் படி 400 பாயிண்ட் வித்தியாசம் இருந்தா சின்ன ரேட்டிங்காரருக்கு ஒரு ஆட்டத்துக்கு எதிர்பார்க்குற ஸ்கோர் 0.08. அதாவது நூறு ஆட்டம் ஆடுனா சுமாரா எட்டு பாயிண்ட், அதுல டிராவுக்கு அரை அரையா வர்றதும் அடக்கம். கம்மி தான். ஆனா சைபர் இல்ல பாருங்க. அந்த எட்டு பாயிண்டும் வானத்துல இருந்து விழுறது இல்ல, யாரோ ஒரு பையன் நாலு மணி நேரம் எந்திரிக்காம உக்காந்து எடுக்கறது. இதுவே 200 பாயிண்ட் வித்தியாசம்னா 0.24, கிட்டத்தட்ட காவாசி. அதுவும் 12 வயசு பையனோட ரேட்டிங் அவன் இன்னைக்கு ஆடுற ஆட்டத்தை காட்டாது, ஆறு மாசம் முன்ன எப்படி ஆடுனான்னு தான் காட்டும், ஏன்னா வளர்ற பசங்க ரேட்டிங் எப்பவும் பின்னாடி தான் ஓடி வரும். பேப்பர்ல 1700-னா அன்னைக்கு போர்டுல 1900 மாதிரி ஆடியிருப்பான்னு நான் நினைக்கறேன்.

அப்போ பெரியவருக்கு வயசாயிடுச்சு, ஆட்டம் முடிஞ்சு போச்சுன்னு அர்த்தமா?

இல்லவே இல்ல. லக்குனு சொல்றவங்க பையனை குறைக்கறாங்க, வயசாயிடுச்சுனு சொல்றவங்க பெரியவரை குறைக்கறாங்க. ரெண்டு பேரும் அன்னைக்கு நல்லா ஆடுனாங்க, கூட உக்காந்து பாத்தவன் சொல்றேன்.

வயசு ஒண்ணுமே பண்ணாதுன்னு நான் சொல்ல வரல. நாலு மணி நேரம் ஆனதும் கணக்கு போடற வேகம் குறையும், கிளாக் கீழ போக போக கை நடுங்கும், இப்பத்த பசங்க இஞ்சின்ங்கற செஸ் சாஃப்ட்வேர் வச்சு தயார் பண்ணிட்டு வர்ற ஓப்பனிங் (ஆரம்ப மூவ்கள்) எல்லாத்தையும் ஒரு வேலையும் குடும்பமும் இருக்கற மனுஷன் உக்காந்து படிக்க முடியாது. ஐஎம், ஜிஎம் (கிராண்ட்மாஸ்டர்) டைட்டில் எல்லாம் ஆயுசுக்கும் நிக்கும், ரேட்டிங் அப்படி இல்ல, ஆட ஆட ஏறும் இறங்கும், அதனால தான் 2400 தாண்டி டைட்டில் வாங்குனவர் இன்னைக்கு 2100-ல இருக்காரு.

ஆனா விக்டர் கோர்ச்னாய்னு ஒருத்தர். 1931-ல பொறந்தவரு. 2011 ஜனவரியில ஜிப்ரால்டர்ல 79 வயசுல 18 வயசு ஃபேபியானோ கருவானாவை ஜெயிச்சாரு, கருவானா அப்பவே 2700-க்கு மேல, பின்னாடி உலக சாம்பியன்ஷிப் மேட்ச் வரைக்கும் போன ஆளு. அதுக்கும் முன்னாடி முன்னாள் உலக சாம்பியன் இமானுவேல் லாஸ்கர், 1935 மாஸ்கோ டோர்னமெண்ட்ல 66 வயசுல ஒரு ஆட்டம் கூட தோக்காம மூணாவது வந்தாரு, இன்னொரு முன்னாள் உலக சாம்பியன் காப்பாபிளாங்காவையும் அங்க ஜெயிச்சாரு. இதெல்லாம் தெரிஞ்சா "முடிஞ்சு போச்சு"ங்கற வார்த்தை வாயில வராது. நம்ம பெரியவரே அடுத்த ரவுண்டுல 2200 ரேட்டிங் காலேஜ் பையன் ஒருத்தனை முப்பது மூவ்ல முடிச்சு அனுப்பினாரு, அதை பத்தி யாரும் எனக்கு போன் பண்ணல.

இதுக்கு முன்னாடி இந்த மாதிரி நடந்திருக்கா?

நிறைய. எனக்கு மனசுக்கு நெருக்கமான மூணை மட்டும் சொல்றேன்.

முதல்ல மீர் சுல்தான் கான். அப்பத்த ஒண்ணா இருந்த பஞ்சாப்காரர், இப்ப அந்த சர்கோதா பக்கம் பாகிஸ்தான்ல இருக்கு. அப்பா கிட்ட நம்ம நாட்டு முறை சதுரங்கம் கத்துக்கிட்டவரு. 1928-ல அகில இந்திய சாம்பியன், 1929-ல உமர் ஹயாத் கான்ங்கற பெரிய நிலக்காரர் அவரை இங்கிலாந்து கூட்டிட்டு போனாரு, போய் சேர்ந்த அந்த வருஷமே பிரிட்டிஷ் சாம்பியன் ஆயிட்டாரு. மேல்நாட்டு விதிகளே புதுசு, ஓப்பனிங் புஸ்தகம் படிச்சு வளர்ந்தவர் இல்ல, அந்த குளிர் ஒத்துக்காம அடிக்கடி காய்ச்சல் வேற. அப்படி இருந்தவரு 1930-31 ஹேஸ்டிங்ஸ் டோர்னமெண்ட்ல ஹோசே ரவுல் காப்பாபிளாங்காவுக்கு எதிரா உக்காந்தாரு. காப்பாபிளாங்கான்னா 1921-ல இருந்து 1927 வரைக்கும் உலக சாம்பியன், எண்ட்கேம்ல அவரை மிஞ்ச ஆளே இல்லன்னு பேரு. சுல்தான் கான் வெள்ளை, ஓரத்து சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் நகர்த்துற ஒரு அமைதியான ஓப்பனிங், பிற்காலத்துல அந்த ஐடியா இன்னொரு உலக சாம்பியன் பெத்ரோசியன் பேர்ல பிரபலம் ஆச்சு. 65 மூவ். காப்பாபிளாங்கா அந்த டோர்னமெண்ட்ல தோத்த ஒரே ஆட்டம் அது. மேக்ஸ் யூவ முதல், காப்பாபிளாங்கா ரெண்டாவது, சுல்தான் கான் மூணாவது.

அவரு மொத்தம் மூணு தடவை பிரிட்டிஷ் சாம்பியன், 1929, 1932, 1933. அந்த காலத்து பெரிய ஆட்டக்காரர் ரூபின்ஸ்டைனையும் ஜெயிச்சாரு. 1933 கடைசில ஊருக்கு திரும்பிட்டாரு, அதோட பெரிய டோர்னமெண்ட் வாழ்க்கை முடிஞ்சுது, 1966-ல இறந்தாரு. ஃபிடே அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் குடுத்தது 2024-ல. செத்து 58 வருஷம் கழிச்சு! அதை படிச்ச அன்னைக்கு எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. பசங்களுக்கு முதல் கிளாஸ்ல நான் சொல்ற பேரு அவரு தான்.

ரெண்டாவது நம்ம மேனுவல் ஆரோன். பர்மாவுல பொறந்து தமிழ்நாட்டுல வளர்ந்தவரு, 1961-ல இந்தியாவோட முதல் ஐஎம், செஸ்ஸுக்காக முதல்ல அர்ஜுனா விருது வாங்குனவரும் அவரு தான், தேசிய சாம்பியன் ஒம்போது தடவை. 1960 லைப்சிக் ஒலிம்பியாட்ல மேக்ஸ் யூவயை ஜெயிச்சாரு, மேல சொன்ன அதே யூவ தான், 1935-ல அப்பத்த உலக சாம்பியன் அலெகைனை ஜெயிச்சு உலக சாம்பியன் ஆனவரு. அன்னைக்கு யூவக்கு 59 வயசு, ஆரோனுக்கு 24. கம்ப்யூட்டர் இல்ல, கோச் இல்ல, வெளிநாட்டு புஸ்தகம் ஒண்ணு கைக்கு வர மாசக்கணக்கா ஆகும், இந்தியாவுல ஒரு கிராண்ட்மாஸ்டர் கூட கிடையாது, ஆனந்த் பொறக்கவே இன்னும் ஒம்போது வருஷம் இருக்கு. 1962 ஸ்டாக்ஹோம் இன்டர்சோனல்ல (உலக சாம்பியன்ஷிப்புக்கான ஒரு தகுதிச்சுற்று) போர்டிஷ், உல்மன்னு ரெண்டு பெரிய தலைங்களையும் ஜெயிச்சாரு. சென்னையில 1972-ல வந்த தால் செஸ் கிளப்புக்கு பின்னாடியும் அவரு உழைப்பு இருக்கு, அங்க போய் ஆடி வளர்ந்த பையன் தான் விஸ்வநாதன் ஆனந்த். இப்ப நம்ம பசங்க குகேஷ், பிரக்ஞானந்தானு பேசறப்ப இந்த மனுஷன் பேரையும் சேத்து பேசணும்னு எனக்கு ஆசை.

மூணாவது சமீபத்துல. போதனா சிவநந்தன்னு லண்டன் பக்கம் ஹாரோவுல இருக்கற பொண்ணு, குடும்பம் நம்ம திருச்சி. கொரோனா சமயத்துல அப்பாவோட ஃபிரண்டு ஒருத்தர் ஊருக்கு திரும்பறப்ப சில சாமான் குடுத்துட்டு போனாரு, அதுல ஒரு செஸ் போர்டு இருந்துச்சு, அஞ்சு வயசு பொண்ணு அதை வச்சு ஆட ஆரம்பிச்சுது. 2025 ஆகஸ்ட்ல பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்ல 60 வயசு கிராண்ட்மாஸ்டர் பீட்டர் வெல்ஸை ஜெயிச்சா, அப்ப அவளுக்கு வயசு பத்து. ஒரு கிராண்ட்மாஸ்டரை ஜெயிச்ச பொண்ணுங்கள்ல அவ்வளவு சின்ன வயசு வேற யாருக்கும் கிடையாது. எங்க கிளாஸ்ல ஆறு பொண்ணுங்க இருக்காங்க, அந்த ஆட்டத்தை போர்டுல போட்டு காட்டுனப்ப ஒருத்தி கூட மூச்சு விடல.

பிரக்ஞானந்தா 2022-ல 16 வயசுல கார்ல்சனை ஜெயிச்சதை ஏன் விட்டீங்கன்னு கேப்பீங்க. பெரிய விஷயம் தான், ஆனா கார்ல்சனுக்கு அப்ப 31 வயசு, வெட்டரன் கிடையாது, அது வேற கதை.

சுல்தான் கான் ஆடுன நம்ம நாட்டு முறைன்னா என்ன? எங்க பாட்டி ஆடுனதும் அதுவா?

இருக்கலாங்க. அதுல சிப்பாய் முதல் மூவ்லயும் ஒரே கட்டம் தான் போகும், காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவ்ல நகர்த்தறது) இப்ப இருக்கற மாதிரி கிடையாது, சிப்பாய் கடைசி கட்டம் போனா என்ன காயா மாறும்ங்கறதுலயும் வேற விதி, ஊருக்கு ஊரு கொஞ்சம் மாறும். அதனால ஆட்டம் மெதுவா நகரும், பொறுமையும் எண்ட்கேமும் தன்னால வரும். பாட்டி இன்னும் இருக்காங்கன்னா உக்கார வச்சு ஒரு ஆட்டம் ஆடுங்க, விதியை எழுதி வச்சுக்கோங்க.

அந்த கடைசி எண்ட்கேம்ல அப்படி என்ன இருந்துச்சு?

செஸ் தெரியாதவங்க இதை தாண்டி போகலாம், தெரிஞ்சவங்களுக்கு இது தான் ஆட்டமே.

கடைசியில பையன் கிட்ட ராஜா, ஒரு யானை, ஒரு சிப்பாய். பெரியவர் கிட்ட ராஜா, ஒரு யானை. இதுல தடுக்கறவருக்கு ஃபிலிடோர்னு ஒரு வழி இருக்கு, ராஜாவை சிப்பாய்க்கு முன்னாடி நிறுத்திட்டு, யானையை தன் பக்கத்துல இருந்து மூணாவது வரிசையில வச்சு எதிரி ராஜா உள்ள வராம காவல் காக்கணும், சிப்பாய் அந்த வரிசைக்கு வந்த பிறகு தான் யானையை கீழ இறக்கி பின்னாடி இருந்து செக் குடுத்துக்கிட்டே இருக்கணும். அப்படி பண்ணுனா டிரா. பெரியவருக்கு இது தெரியாதா? எனக்கு இதை கத்துக்குடுத்ததே அவரு எழுதுன ஒரு பழைய கட்டுரை தான். ஆனா கிளாக்ல ரெண்டு நிமிஷம், நாலு மணி நேரக் களைப்பு, சிப்பாய் வர்றதுக்கு ஒரு மூவ் முன்னாடியே யானை காவலை விட்டு இறங்கிடுச்சு. பையன் ராஜா டக்குனு உள்ள போயிடுச்சு.

அப்பவும் டிரா இருந்துச்சு, பெரியவரே அப்புறம் காட்டுனாரு. ராஜா ஒதுங்கறப்ப சிப்பாய்க்கு எந்தப் பக்கம் கட்டம் கம்மியோ அந்தப் பக்கம் ஒதுங்கணும், நீளமான பக்கத்தை யானை செக் குடுக்க விட்டு வைக்கணும். அவரு நீளமான பக்கம் ஒதுங்கிட்டாரு, அவரு ராஜாவே அவரு யானைக்கு குறுக்க நின்ன மாதிரி ஆயிடுச்சு. அதுக்கு அப்புறம் லூசேனா பொசிஷன். சிப்பாய் ஏழாவது வரிசையில, அதுக்கு முன்னாடி எட்டாவதுல பையன் ராஜா அடைபட்டு கிடக்கு, வெளிய வந்தா செக் மேல செக். இதுக்கு தான் பாலம் கட்டறதுன்னு சொல்வோம், தன் யானையை நாலாவது வரிசைக்கு கொண்டு வந்து வச்சுட்டு ராஜாவை வெளிய எடுக்கணும், செக் வந்துக்கிட்டே இருக்கும், ராஜா ஒவ்வொரு கட்டமா இறங்கி வந்து கடைசில யானையை குறுக்க போட்டா செக் நின்னுடும், சிப்பாய் ராணி ஆயிடும்.

பையன் யானையை நாலாவது வரிசையில வச்சதும் பெரியவர் சிரிச்சாரு. நல்ல சிரிப்பு அது. பையனுக்கு தெரிஞ்சிருக்குன்னு அவருக்கு புரிஞ்சுது. இன்னும் நாலு மூவ் ஆட விட்டு பாத்துட்டு தான் கை குடுத்தாரு.

இதை எங்க கத்துக்கிட்டான்? ஏற்காட்டுல ஏதோ கேம்ப்னு சொன்னாங்களே

கேம்ப்னு பெரிய பேரெல்லாம் வேண்டாங்க. மே மாசம் என் சொந்தக்காரங்க காபி எஸ்டேட் வீடு ஒண்ணு காலியா இருந்துச்சு, எட்டு பசங்களை பஸ்ல கூட்டிட்டு போனேன், அந்த 20 கொண்டை ஊசி வளைவு முடியறதுக்குள்ள மூணு பேரு வாந்தி. நாலு நாள். லேக் பக்கம் கூட்டம் தாங்கல, அதனால காலையில சேர்வராயன் கோயில் வரைக்கும் நடந்துட்டு வந்து மிச்ச நேரம் பூரா போர்டு தான். ரெண்டாம் நாள் சாயங்காலம் மழை, கரண்ட் போயிடுச்சு, பனி ஜன்னல் வரைக்கும் வந்துடுச்சு, பசங்க போன்ல சார்ஜும் இல்ல. மெழுகுவர்த்தி வச்சுக்கிட்டு ரெண்டு ராஜா ரெண்டு யானை ஒரு சிப்பாய் மட்டும் போர்டுல வச்சு, ஒருத்தன் தடுக்கணும் ஒருத்தன் ஜெயிக்கணும்னு ராத்திரி பத்து மணி வரைக்கும் மாத்தி மாத்தி ஆட வச்சேன். முதல்ல முனகுனாங்க. அப்புறம் நிறுத்த சொன்னா நிறுத்தல. மெழுகு ஒழுகி ஒரு போர்டுல ஓரத்து கட்டம் கறை ஆயிடுச்சு, அந்த போர்டை இவன் தான் கேட்டு வாங்கிட்டு போனான்.

மத்தபடி அங்க எந்த ரகசிய ஓப்பனிங்கும் சொல்லித்தரல.

அவ்வளவு பெரிய பேரு எதிர்ல உக்காந்தா பயம் வராதா? பையனுக்கு என்ன சொல்லி அனுப்புனீங்க?

வந்துச்சு. தண்ணி பாட்டில் மூடியை திறக்க கை வரல அவனுக்கு. நான் சொன்னது ஒண்ணு தான்: கண்ணு, அவரு முகத்தை பாக்காத, அவரு கைய பாக்காத, குதிரை யார் கையில இருந்தாலும் ரெண்டரை கட்டம் தான் தாண்டும். ஒவ்வொரு மூவுக்கும் முன்னாடி உன்கிட்ட ஒரே கேள்வி, அவரு இப்ப எதை எடுக்க பாக்கறாரு? அதுக்கு பதில் தெரியாம காயை தொடாத. தொட்டா நகர்த்தித்தான் ஆகணும், அது விதி.

இன்னொண்ணும் சொன்னேன், தோத்தா தோத்துட்டு வா, ஆனா டிரா ஆகணும்னு ஆடாத. பெரிய ஆளுங்க கிட்ட பயந்து எல்லா காயையும் மாத்தி மாத்தி டிரா பண்ண பாக்கற பசங்க தான் அதிகமா தோக்கறாங்க, நான் முப்பது வருஷமா பாக்கறேன், நானே அப்படி நிறைய தோத்திருக்கேன்.

ரேட்டிங் எவ்வளவு ஏறும்?

18 வயசுக்கு கீழ, 2300-க்கும் கீழ இருந்தா கே ஃபேக்டர், அதாவது ரேட்டிங் எவ்வளவு வேகமா மாறும்னு சொல்ற எண், 40. எதிர்பார்த்தது 0.08, எடுத்தது 1, மிச்சம் 0.92, அதை 40-ஆல பெருக்குனா 36.8. அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட 37 பாயிண்ட். பெரியவருக்கு எவ்வளவு போகும்னா 9.2 தான், ஏன்னா ஒரு தடவை 2400 தொட்டுட்டா அப்புறம் எவ்வளவு இறங்குனாலும் கே 10 தான். ரெண்டு பேரும் ஆடுனது ஒரே ஆட்டம், ஒருத்தருக்கு ஏறுனது 37, இன்னொருத்தருக்கு இறங்குனது 9.

தோத்த பிறகு பெரியவர் கோவப்பட்டாரா?

கை குடுத்தாரு. ரெண்டு ஸ்கோர் ஷீட்லயும் கையெழுத்து போட்டாரு. அப்புறம் "வா தம்பி, வெளிய போய் பாப்போம்"னு கூட்டிட்டு போய் ஹாலுக்கு வெளிய ஒரு பெஞ்சுல போர்டு விரிச்சு நாப்பது நிமிஷம் அவனோட உக்காந்தாரு. எங்க தான் தப்பு பண்ணுனாருன்னு அவரே காட்டுனாரு, 24-வது மூவ்ல பையன் விட்ட ஒரு நல்ல வாய்ப்பையும் காட்டுனாரு. அவன் அப்பா பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு, ஒண்ணும் புரியலன்னாலும் நகரல. கிளம்பறப்ப பெரியவர் அவரு கைய புடிச்சு "நல்லா வளக்கறீங்க"னு சொல்லிட்டு ஜங்ஷனுக்கு ஆட்டோ ஏறிட்டாரு.

எல்லாரும் அப்படி இருக்க மாட்டாங்க. 2003 லினாரெஸ் டோர்னமெண்ட்ல 15 வயசு ராஜபோவ் கறுப்பு காய் வச்சு காஸ்பரோவை ஜெயிச்சாரு, அந்த ஆட்டத்துக்கு அழகான ஆட்டம்னு பரிசு குடுத்தப்ப காஸ்பரோவ் எல்லார் முன்னாடியும் சண்டை போட்டாரு. உலகத்துலயே பெரிய ஆட்டக்காரர், அவருக்கே தாங்கல. தோல்வி அவ்வளவு வலிக்கும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். காப்பாபிளாங்கா அப்படி இல்ல, தன்னை ஜெயிச்ச சுல்தான் கான் கிட்ட இருக்கறது அசாதாரணமான மேதைமைனு மனசார சொல்லியிருக்காரு.

அதனால தான் அன்னைக்கு ராத்திரி நம்ம பெத்தவங்க வாட்ஸப் குரூப்ல ஒருத்தர் "பெரிய ஐஎம்மாம், பொடியன் கிட்ட போச்சு"னு போட்டு சிரிச்ச பொம்மை நாலு வச்சப்ப எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. உடனே எடுக்க சொன்னேன், எடுத்துட்டாரு. நாப்பது நிமிஷம் அந்த பெஞ்சுல பையனுக்கு கிடைச்சது என்னன்னு அவருக்கு தெரியாது. நான் ஒரு வருஷம் சொல்லித்தந்தாலும் அது வராது. உங்க பிள்ளை யாரை ஜெயிச்சாலும் தயவு செஞ்சு ஸ்டேட்டஸ்ல அவங்க பேரை போட்டு கேலி பண்ணாதீங்க.

எங்க பொண்ணுக்கு 13 வயசு, இப்ப ஆரம்பிச்சா லேட்டா?

சுல்தான் கான் மேல்நாட்டு விதியை பழகுனதே இருபது வயசு தாண்டி. கூட்டிட்டு வாங்க.

செலவு நிறைய ஆகுமா?

ஊர் ஊரா டோர்னமெண்ட் போனா பஸ், ரூம், என்ட்ரி ஃபீஸ்னு ஆகும், பொய் சொல்ல மாட்டேன். கத்துக்கறதுக்கு ஆகாது. லிச்செஸ்ங்கற செஸ் சைட் முழுசும் இலவசம், ஸ்டாக்ஃபிஷ் இஞ்சினும் இலவசம், ஒரு சுருட்டற போர்டும் பிளாஸ்டிக் காயும் போதும். இவன் வீட்டுல லேப்டாப் கிடையாது, அப்பா பட்டறையில இருந்து வந்த பிறகு அவரு போனை வாங்கி ஒரு மணி நேரம் பஸில் போடுவான், அவ்வளவு தான்.

பையன் இப்ப என்ன பண்றான்? தலை கால் புரியாம ஆடுறானா?

அடுத்த நாள் காலையில ஏழாவது ரவுண்டு, நாமக்கல் பொண்ணு ஒருத்தி கிட்ட 26 மூவ்ல தோத்தான். அவளுக்கு ரேட்டிங் 1500 சொச்சம், வயசு பத்து. ஒரு குதிரை ஃபோர்க்கை (ஒரே நேரத்துல ரெண்டு காயை தாக்கறது) பாக்கல. ஹாலுக்கு வெளிய வந்து அழுதான், நான் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு பாத்தா அதே பெஞ்சுல அந்த பொண்ணோட போர்டு விரிச்சு உக்காந்துட்டு இருக்கான், அவ சொல்றதை கேட்டுக்கிட்டு.

அந்த ஆட்டத்தோட ஸ்கோர் ஷீட்டை பாக்க முடியுமா?

முடியும், ஒரிஜினல் ஆர்பிட்டர் (நடுவர்) கிட்ட போயிடுச்சு, கார்பன் காப்பி எங்க வீட்டுல இருக்கு. 58-வது மூவ் சரியா விழல, அழுத்தி எழுதல அவன். வர்ற சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு முழு ஆட்டத்தையும் போட்டு பாக்க போறோம், யார் வேணா வரலாம், பெத்தவங்களும் உக்காரலாம். 31-வது மூவ்ல அந்த டிராவை எடுத்துக்கிட்டிருக்கணும்னு நான் இன்னும் சொல்றேன், பையன் இல்லங்கறான், அதை அன்னைக்கு பேசி பாப்போம். எங்க கிட்ட ஆறு போர்டு தான் இருக்கு, வர்றப்ப உங்களுது ஒண்ணை எடுத்துட்டு வாங்க.